உறங்கும் மரத்தின் தாகம்

மார்கழி மாதத்து நடுப்பகல். தலைக்கு மேலே மேகத்தின் சாயல்கூட இல்லாத நீலவானம். கண்ணைக் கூச வைக்கும் வெயில். கம்பளிக் குல்லாயும் கையுறையும் தரித்து, இரு கைகளிலும் இரண்டு வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு, இலை ஒன்றுகூட இல்லாத ஒரு குச்சியை நோக்கி நாம் நடந்துகொண்டிருந்தோம். நம் ஊரார் யாராவது இந்தக் காட்சியைக் கண்டிருந்தால், பரீட்சைத் தாள்களைத் திருத்தித் திருத்தி உபாத்தியாயருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றே தீர்மானித்திருப்பார்கள். பட்ட மரத்துக்குத் தண்ணீர் வார்ப்பவனைப் பற்றி வேறு என்ன அபிப்பிராயம் கொள்ள முடியும்?

ஆனால் அது பட்ட மரம் அல்ல, உறங்கும் மரம். உறங்குகிற ஜீவனுக்குத் தாகம் ஏது என்று எண்ணியவர்களில் நாமும் ஒருவர். எண்ணியதோடு நில்லாமல் பிறருக்கு உபதேசமும் செய்தோம். அந்த உபதேசத்துக்கு நம் குடும்பம் கொடுத்த விலையையும், நம் பிழையை நமக்கு எடுத்துக் காட்டிய ஊரையும் பற்றியே இங்கே எழுதப் புகுந்தோம்.

ஐக்கிய அமெரிக்க நாடுகளில் கொலராடோ ஒரு ராஜ்யம். அதன் வட பகுதியில், ராக்கி மலைத்தொடரின் கிழக்கு அடிவாரத்தில், கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 5,000 அடி உயரத்தில் போர்ட் காலின்ஸ் நகரம் இருக்கிறது. 1864-இல் அங்கே ஒரு ராணுவக் காவல் நிலையம் ஏற்பட்டது. பெயர் அதனால் வந்தது. இப்போது பெயரில்தான் கோட்டை உண்டு, ஊரில் இல்லை. நம் தங்கை தன் கணவரோடும் பத்து வயதுப் பெண்ணோடும் அங்கே குடியிருக்கிறாள். அரையாண்டு விடுமுறையோடு சேர்த்து வைத்திருந்த விடுப்பையும் எடுத்துக்கொண்டு ஒரு மாத காலம் அவள் வீட்டில் தங்கும் வாய்ப்பு சென்ற மார்கழியில் நமக்குக் கிடைத்தது. ஆகாய விமானப் பிரயாணத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. இருபது மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தோம், அவ்வளவுதான்.

டென்வர் விமான நிலையத்திலிருந்து மோட்டாரில் வடக்கு நோக்கிப் போகையில் முதலில் நம் கவனத்தைக் கவர்ந்தது அந்தப் பூமியின் வெறுமை. அமெரிக்கா என்றால் அடர்ந்த கானகங்களையும், இடுப்பளவு வெண்பனியையும் மனத்தில் வைத்துக்கொண்டு போயிருந்தோம். அங்கே கண்டதோ காய்ந்த புல்வெளி. நம் ராமநாதபுரத்துச் சீமையைக் கோடையில் பார்த்தவர்களுக்கு அதன் நிறம் புதிதாக இராது. வெண்பனி மேற்கே மலைச் சிகரங்களில்தான் இருந்தது. சமவெளியில் எங்கேனும் ஒரு மரம் தென்பட்டால், அங்கே ஒரு வீடோ வாய்க்காலோ இருக்கிறது என்று அர்த்தம். "மரங்கள் எல்லாம் எங்கே மாப்பிள்ளை?" என்று கேட்டோம். "நட்டால் உண்டு, நடாவிட்டால் இல்லை" என்றார் தங்கையின் கணவர்.

அவர் சொன்னது சரித்திர உண்மை. 1820-இல் ஸ்டீபன் லாங் என்ற ராணுவ அதிகாரி இந்தச் சமவெளியின் வழியே பிரயாணம் செய்தார். இந்தப் பிரதேசம் விவசாயத்துக்குத் தகுதியற்றது என்று அவர் கூட்டத்தார் அறிக்கை எழுதினார்கள். பூகோளப் படத்தில் பெரும் பாலைவனம் என்று குறித்தும் வைத்தார்கள். அதே லாங் துரையின் பெயரைத் தாங்கிய 14,259 அடி உயரச் சிகரம் ஒன்று, வழி நெடுக நமக்கு இடப்புறத்தில் தெரிந்துகொண்டே வந்தது. அக்காலத்தில் இங்கே வேட்டையாடி வாழ்ந்த செயென், அரப்பாகோ என்னும் பூர்வகுடிகளிடம் இது பாலைவனமா என்று யாரும் கேட்கவில்லை. ஆற்றோரத்துக் காட்டன்வுட் மரங்களின் நிழலில் கூடாரம் அடித்துத் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள் அவர்கள். 1858-இல் பொன் கிடைத்தது என்ற செய்தி பரவியதும் வெள்ளையர் கூட்டம் கூட்டமாக வந்து குடியேறினார்கள். ஆறே வருஷங்களில், 1864 நவம்பரில், மணல் ஓடை என்று பொருள்படும் ஸாண்ட் க்ரீக் என்னுமிடத்தில் சமாதானத்தை நம்பித் தங்கியிருந்த செயென், அரப்பாகோ மக்களைப் பெண்டு பிள்ளை என்று பாராமல் துருப்புகள் கொன்று குவித்தன. அந்நியர் ஆட்சியின் சுவையை அறிந்த நாட்டிலிருந்து போன நமக்கு, அந்தச் சமவெளியின் அழகைப் பார்க்கும்போதெல்லாம் இந்த நினைவும் கூடவே வந்தது.

வீடு போய்ச் சேர்ந்ததும் நாம் முதலில் கேட்டது, "அப்பாவின் மரம் எங்கே அம்மா?" என்பதுதான்.

இதற்குச் சற்று விளக்கம் சொல்ல வேண்டும். 2021-ஆம் வருஷம், கொள்ளை நோய் உச்சத்தில் இருந்த மே மாதத்தில், நம் தந்தையார் காலமானார். தங்கையால் வர முடியவில்லை. தகப்பனார் முகத்தைக் கடைசியாகக் கைபேசியின் திரையில் பார்த்து அழுதாள். அந்த வருஷம் இலையுதிர் காலத் தொடக்கத்தில் தன் வீட்டு முற்றத்தில் அவர் நினைவாக ஒரு மேப்பிள் கன்றை நட்டாள். செக்கச் செவேலென்று இலைகள் சிவந்து நின்ற அந்தக் கன்றின் படத்தை நமக்கு அனுப்பினாள். அதைச் சட்டம் போட்டுத் தந்தையார் படத்துக்குப் பக்கத்தில் மாட்டி வைத்தோம்.

இப்போது முற்றத்தில் நின்றது பெருவிரலைவிடச் சற்றுப் பருத்த தண்டும் நாலைந்து கிளைகளும் கொண்ட ஒரு குச்சி. "இது அந்த மரம் இல்லை, அண்ணா. இது லிண்டன். போன சித்திரையில் வைத்தோம்" என்றாள் தங்கை. மேப்பிளுக்கு என்ன நேர்ந்தது என்று கேட்டதற்கு அவள் பதில் சொல்லவில்லை. குழந்தை சொல்லிவிட்டாள்:

"அது செத்துப்போச்சு, மாமா. குளிர் காலத்தில் தண்ணீர் விட வேண்டாம் என்று நீங்கள்தான் சொன்னீர்களாமே?"

"சும்மா இரு" என்று தாயார் அவளை அதட்டினாள். ஆனால் நமக்கு எல்லாம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. அந்த 2021 நவம்பரில் ஒரு நாள் தங்கை தொலைபேசியில் பேசினாள்: "இலையெல்லாம் கொட்டிவிட்டது, அண்ணா. இந்த வருஷம் மழையும் இல்லை, பனியும் இல்லை. மண் காய்ந்து கிடக்கிறது. மரத்துக்குத் தண்ணீர் விடலாமா?" இயற்கைப் பாடம் நடத்துகிறவர்கள் அல்லவா நாம்? ஒரு கணமும் யோசிக்காமல், "இலையுதிர்ந்த மரம் உறங்குகிறது. உறங்குகிறவனை எழுப்பிச் சோறு போடுவார்களா? குளிரில் தண்ணீர் விட்டால் வேர் அழுகிவிடும், வசந்தம் வரட்டும்" என்று விடை சொன்னோம். வகுப்பிலும் பல வருஷங்களாக இதையேதான் சொல்லி வந்திருக்கிறோம்.

வசந்தம் வந்தது. மே மாதத்தில் மேப்பிள் துளிர்க்கவும் செய்தது. இளந்துளிரைக் கண்டு எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். ஜூன் கடைசியில் இலைகளின் ஓரம் கருகத் தொடங்கியது. பூச்சியோ, வெயிலோ என்று நினைத்துக் குடம் குடமாகத் தண்ணீர் விட்டார்கள். ஜூலைக்குள் மரம் முடிந்துவிட்டது. அண்ணன் மனம் நோகும் என்று தங்கை நமக்கு எழுதவில்லை. அந்த இடம் சில காலம் வெறுமையாகவே கிடந்ததாம்.

மேப்பிள் ஏன் செத்தது என்று அவர்களுக்கு எடுத்துச் சொன்னவர் அடுத்த வீட்டுக் கிழவர். எண்பதை நெருங்கும் வயது. அவர் தகப்பனார் சர்க்கரைக் கிழங்கு பயிரிட்ட குடியானவராம். நாம் போன மறுநாளே வேலிக்கு மேலாகக் கை நீட்டி உபசார வார்த்தை சொன்னார். நாம் நம் குற்றத்தை அவரிடம் ஒப்புக்கொண்டதும் உரக்கச் சிரித்து, "கவலைப்படாதீர்கள், இந்த ஊரில் பிறந்தவர்களே பாதிப்பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள்" என்றார். பிறகு உள்ளே போய் ஒரு நீண்ட திருப்புளியை எடுத்து வந்து நம் கையில் கொடுத்து, லிண்டன் கன்றுக்குப் பக்கத்தில் மண்ணில் குத்தச் சொன்னார். இரண்டு அங்குலத்துக்கு மேல் இறங்கவில்லை. "ஈரம் இருந்தால் வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கும். இன்றைக்கே தண்ணீர் விடுங்கள்" என்றார்.

அந்த ஊரின் சீதோஷ்ணத்தை அறிந்தால்தான் இந்த விஷயம் விளங்கும். போர்ட் காலின்ஸில் வருஷம் முழுவதும் பெய்கிற மழையும் பனியும் சேர்ந்து சுமார் 15 அங்குலம். நம் சென்னைப் பட்டணத்தில் இதைப்போல் மூன்று மடங்குக்கு மேல் பெய்கிறது. பசிபிக் சமுத்திரத்திலிருந்து வரும் மேகங்கள் மலைத்தொடரின் மேற்குச் சரிவிலேயே தங்கள் பாரத்தை இறக்கிவிடுகின்றன. கிழக்கே வந்து சேர்வது வறண்ட காற்று. டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் நீர் சுமார் அரை அங்குலம். பனி பெய்கிறதே என்று கேட்கலாம். பத்துப் பன்னிரண்டு அங்குலப் பனி உருகினால் ஓர் அங்குல நீர்தான் தேறும். அதையும் மண்ணில் இறங்க விடாத ஒரு காற்று அங்கே உண்டு. 'சினூக்' என்று அதற்குப் பெயர். மலை மேலிருந்து இறங்க இறங்க அழுந்திச் சூடேறி, உலர்ந்து வீசுகிறது. காலையில் முற்றத்தில் விரித்திருந்த வெண்பனியை மாலைக்குள் அது நக்கித் தீர்ப்பதை நாம் கண்ணாரக் கண்டோம். இரவில் நீர் உறையும் குளிர். மறுநாள் பகலில் சட்டையோடு உலாவலாம் போன்ற வெயில். மரத்துக்கு இது சோதனைக் காலம்.

மரம் உறங்குகிறது என்று நாம் சொல்லிக் கொடுத்தது முழுப் பொய் அல்ல, அரை உண்மை. உறங்குவது கிளையும் மொட்டும். வேருக்கு அவ்வளவு ஆழ்ந்த உறக்கம் கிடையாது. மண்ணின் உஷ்ணம் பாரன்ஹீட் 40 டிகிரிக்கு மேல் இருக்கும் வரையில் அது மெதுவாக வேலை செய்துகொண்டே இருக்கிறது. இலையற்ற கிளையும்கூடப் பட்டையின் வழியே சிறிது சிறிதாக ஈரத்தை இழக்கிறது. ஊசியிலை மரங்களுக்கோ கஷ்டம் அதிகம். அவற்றில் பெரும்பாலானவை இலையை மொத்தமாக உதிர்ப்பதில்லையாதலால், குளிர் காலத்து வெயிலிலும் காற்றிலும் நீர் ஆவியாகிப் போய்க்கொண்டே இருக்கிறது. போனதை ஈடு செய்ய வேரினால் முடியாதபோது ஊசிகள் துருப்பிடித்தாற்போல் சிவந்துவிடுகின்றன. உலர்ந்த மண்ணுக்கு இன்னொரு தீக்குணமும் உண்டு. ஈரமண்ணைவிட அது சீக்கிரம் குளிர்ந்துவிடும், வெடிப்பும் விடும். வெடிப்பின் வழியே குளிர்காற்று நுழைந்து, மயிர் போன்ற சன்ன வேர்களைக் கொன்றுவிடும்.

இதெல்லாம் நடக்கும்போது வெளியே ஒரு குறியும் தெரியாது என்பதுதான் பரிதாபம். தண்டிலும் கிளையிலும் சேமித்து வைத்த ஆகாரத்தைக் கொண்டு மரம் வசந்தத்தில் வழக்கம்போல் துளிர்த்துவிடுகிறது. வெயில் ஏறி இலைகள் நீர் கேட்கும் சமயத்தில்தான், கொடுக்க வேண்டிய வேர் இல்லை என்பது வெளிப்படுகிறது. டிசம்பரில் பட்ட அடிக்கு ஜூலையில் சாவு. ஜூலையில் குடம் குடமாக வார்த்து என்ன பயன்? நம் தங்கையின் மேப்பிள் துளிர்த்த அன்றைக்கே அதன் கதை முடிந்துதான் இருந்தது.

அதிலும் 2021-ஆம் வருஷத்து வறட்சி சாமான்யமானது அல்ல. அந்த வருஷம் டென்வரில் முதல் பனி பெய்தது டிசம்பர் 10-ஆம் தேதி. ஊரின் சீதோஷ்ணக் குறிப்புகள் எழுத ஆரம்பித்த நாளிலிருந்து முதல் பனி அவ்வளவு தாமதமாக வந்ததே இல்லை. டிசம்பர் 30-ஆம் தேதி, மார்கழி நடுவில், தெற்கே பௌல்டர் ஜில்லாவில் காய்ந்த புல்வெளியில் தீப் பிடித்தது. மணிக்கு 100 மைல் வேகத்துக்கு மேல் வீசிய காற்று அதைத் தூக்கிக்கொண்டு போய் லூயிஸ்வில், சுபீரியர் என்னும் ஊர்களுக்குள் எறிந்தது. ஒரே நாளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள் சாம்பலாயின. இரண்டு உயிர்கள் போயின. மறுநாள் பனி பெய்தது. நாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வழியாகப் போனோம். புது வீடுகள் எழும்பிவிட்டன. ஒவ்வொன்றின் முன்பும் முட்டுக் கொடுத்துக் கட்டிய ஒரு கன்று. பெரிய மரம் ஒன்றும் இல்லாத தெருக்கள். மோட்டாரில் இருந்த யாரும் சிறிது நேரம் பேசவில்லை.

இளங்கன்றுகள் அங்கே பெருகியிருப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. 2013-இல் பௌல்டர் நகரில் மரகதப் பச்சை நிறமுள்ள ஓர் ஆசிய வண்டு தலை காட்டியது. ஆஷ் என்னும் ஜாதி மரத்தின் பட்டைக்குள் புகுந்து அதை அரித்துக் கொல்லுவது இதன் தொழில். டென்வர் நகரத்தார் கணக்குப்படி அவர்கள் ஊர் மரங்களில் ஆறில் ஒன்று ஆஷ். பட்ட மரங்களை வெட்டி, வெட்டிய இடத்திலெல்லாம் வேறு ஜாதிக் கன்றுகளை நட்டு வருகிறார்கள். ஆனால் நடுவது ஒரு நாள் வேலை. நட்டதை வேரூன்ற வைப்பது பல வருஷத்து வேலை. தண்டின் குறுக்களவில் அங்குலம் ஒன்றுக்கு ஒரு வருஷமாவது ஆகும் என்று கிழவர் கணக்குச் சொன்னார்.

ஆகவே எப்போது, எவ்வளவு, எப்படித் தண்ணீர் விடுவது என்பதே அங்கே ஒரு சாஸ்திரமாகிவிட்டது. இதைப் பற்றி அவ்வூர்ச் சர்வகலாசாலை ஒரு துண்டுப் பிரசுரமே போட்டிருக்கிறது. 1870-இல் விவசாயக் கல்லூரியாக ஏற்படுத்தப்பட்ட ஸ்தாபனம் அது. இப்போது கொலராடோ ராஜ்யச் சர்வகலாசாலை. பண்டிதர்களின் ஆராய்ச்சியைக் குடியானவன் வாசலுக்குக் கொண்டு போய்ச் சேர்ப்பதற்காக 1914-இல் அந்நாட்டுப் பார்லிமெண்டு ஒரு தனிச் சட்டம் செய்தது. அதன் பயனாக, ஒரு கன்றுக்குத் தண்ணீர் விடத் தெரியாத உபாத்தியாயர்கூட ஜில்லாக் காரியாலயத்தில் போய் விசாரித்துத் தெரிந்துகொள்ளலாம். அவர்கள் கல்வியில் நாம் பொறாமைப்பட்ட அம்சம் இது ஒன்றுதான் என்று சொல்லுவோம்.

அக்டோபர் முதல் மார்ச் வரையில், தரையில் பனி மூடியிராத சமயங்களில், மாதத்துக்கு ஒன்று அல்லது இரண்டு முறை நீர் விட வேண்டும். காற்றின் உஷ்ணம் 40 டிகிரிக்கு மேல் இருக்கும் நாளாகப் பார்த்து, நடுப்பகலில் விட வேண்டும். இரவுக் குளிரில் உறைவதற்கு முன் அது மண்ணில் ஊறிவிடும். தண்டின் குறுக்களவு அங்குலம் ஒன்றுக்கு 10 காலன் வீதம் தேவை. காலன் என்றதும் நேயர்கள் யமதர்மராஜனை நினைத்துக்கொள்ள வேண்டாம். அமெரிக்கக் காலன் ஒன்று நம் அளவில் மூன்றே முக்கால் லிட்டருக்குச் சற்று அதிகம். ஆயினும் இந்தக் காலனைக் கணக்காகக் கொடுக்காவிட்டால் அந்தக் காலன் வந்துவிடுகிறான் என்பதும் மெய்தான். புதிதாக நட்ட புதர்ச் செடிகளுக்கு மாதம் இரு முறை 5 காலன் வீதமும், வேரூன்றிவிட்ட மூன்றடிக்கு உட்பட்ட சிறு செடிகளுக்கு மாதம் ஒரு முறை அதே அளவும் போதும். நீர் ஓரடி ஆழம் வரை மெள்ள இறங்க வேண்டும். உறிஞ்சும் வேர்களில் பெரும்பாலானவை மேல்மண்ணிலேயே பரவியிருப்பதால் அதற்கு மேல் ஆழம் தேவையில்லை. இளங்கன்றானால் வேர்மண் உருண்டையின் மேலும் அதைச் சுற்றியும் வார்க்க வேண்டும். வளர்ந்த மரமானால் கிளை விரிந்த வட்டத்துக்குள்ளும் அதற்குச் சற்று வெளியேயும் வார்க்க வேண்டும். தண்டின் மேலே அபிஷேகம் செய்வதில் பிரயோஜனம் இல்லை.

நம் லிண்டனுக்கு இரண்டு அங்குலம்; எனவே 20 காலன். கிழவர் சொல்லிக் கொடுத்த யுக்தி இது: ஐந்து காலன் கொள்ளும் பிளாஸ்டிக் வாளியின் அடியில் இரண்டு சிறு துளைகள் போட்டு, கன்றின் பக்கத்தில் வைத்து நிரப்பிவிட்டால், அது தானே சொட்டிச் சொட்டி இறங்கும். நாலு பக்கத்துக்கும் நாலு வாளி. நாம் ஆரம்பத்தில் குறிப்பிட்ட காட்சி இதுதான். ரப்பர் குழாயை மாட்டிவிட்டால் ஒரு நிமிஷத்தில் முடிகிற காரியத்துக்கு வாளி தூக்குவானேன் என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. புல்தரைக்கு நீர் தெளிக்கிற பூமிக்கடிக் குழாய்களை அக்டோபரிலேயே காற்றழுத்த யந்திரத்தால் ஊதி வற்றச் செய்து மூடிவிடுகிறார்கள். மிஞ்சுவது சுவர்க் குழாய் ஒன்றே. அதில் ரப்பர் குழாயை மாட்டிவிட்டுக் கழற்ற மறந்தால், உள்ளே நின்ற நீர் இரவில் உறைந்து பெருத்துக் குழாயை வெடிக்கச் செய்துவிடும். மாப்பிள்ளைக்கு அந்த அநுபவம் ஒரு முறை ஆகியிருந்ததால், ரப்பர் குழாயைக் கண்டாலே அவருக்கு ஒரு நடுக்கம். வாளி தூக்கும் உத்தியோகம் நமக்கு வந்து சேர்ந்தது. நமக்கும் அது வேண்டியிருந்தது.

முதல் நாள் நாலாவது வாளியை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது, தந்தையாரின் நினைவு வந்தது. கோடையில் கிணறு வற்றிய நாட்களில், ஒட்டு மாங்கன்று ஒன்றுக்கு அவர் தெருக்கோடிக் குழாயிலிருந்து குடத்தில் நீர் சுமந்து வருவார். நம் நாட்டில் மரத்தின் சோதனைக் காலம் கோடை. காய்கிற இலை கண்ணுக்குத் தெரியும், மனிதனும் ஓடிப்போய் வார்ப்பான். கொலராடோவில் சோதனை கண்ணுக்குத் தெரியாத காலத்தில் வருகிறது. கோடையை மட்டும் அறிந்த நாம், அங்கிருப்பவளுக்கு இங்கிருந்து விடை சொன்னதுதான் பிசகு.

அந்த வாளித் தண்ணீர் வந்த வழியையும் சொல்ல வேண்டும். நகரத்துக்கு வேண்டிய நீரில் ஏறக்குறையப் பாதி, ஊருக்கு மேற்கே 'குதிரைப் பல்' என்று பொருள்படும் ஹார்ஸ்டூத் ஏரியிலிருந்து வருகிறது. அந்த ஏரியில் நிற்பதோ மலைக்கு அப்பாலுள்ள நீர். மேற்கே பாயும் கொலராடோ நதியின் தலையூற்று நீரை, மலைத்தொடரின் அடியில் 13 மைல் நீளச் சுரங்கம் குடைந்து கிழக்கே திருப்பியிருக்கிறார்கள். அதன் வழியே முதல் முதலாக நீர் ஓடியது 1947 ஜூன் மாதத்தில். நம் நாடு விடுதலை பெறுவதற்கு இரண்டு மாதங்கள் முன்பு! ஏரிக்கரையில் நின்று அந்த நீலப் பரப்பைப் பார்த்தபோது, மேற்குக் கடலை நாடிப் போக வேண்டிய நீரல்லவா நம் லிண்டனின் காலடியில் சொட்டுகிறது என்று வியந்தோம்.

தண்ணீருக்காக அங்கே நடந்த வழக்குகளோ கணக்கற்றவை. 1874-ஆம் வருஷத்து வறட்சியில், இந்த ஊராருக்கும் கீழே உள்ள கிரீலி ஊராருக்கும் பூடர் நதியின் நீரைக் குறித்துப் பெருந் தகராறு மூண்டது. இரு சாராரும் ஒரு பள்ளிக்கூடத்தில் கூடி வாதாடினார்கள். (பள்ளிக்கூடத்தில் நடந்ததால் அடிதடி இல்லாமல் முடிந்தது என்று சொல்ல நமக்கு ஆசை.) முதலில் எடுத்தவனுக்கே முதல் உரிமை என்ற கொள்கை 1876-இல் அந்த ராஜ்யத்தின் அரசியல் சாஸனத்தில் ஏறிவிட்டது. அதன் விளைவாக, தன் வீட்டுக் கூரையில் விழும் மழையைப் பீப்பாயில் பிடித்து வைப்பதுகூடப் பெரும்பாலோருக்குச் சட்ட விரோதமாக இருந்தது; கீழே உள்ள உரிமைக்காரனின் நீரை வழிமறிப்பதாகும் என்பது நியாயம். 2016 ஆகஸ்டு முதல்தான் வீட்டுக்கு இரண்டு பீப்பாய், மொத்தம் 110 காலன் வரையில் பிடித்துக்கொள்ள அநுமதி. நம் தமிழ் நாட்டிலோ 2003-இல் கூரை மழையைச் சேமிக்காமல் இருப்பது குற்றம் என்று சட்டம் வந்தது! இதைச் சொன்னபோது கிழவர் நம்பவே இல்லை. மாப்பிள்ளை சாட்சி சொன்ன பிறகுதான் நம்பினார்.

நாம் இருந்த ஒரு மாதத்தில் மூன்று முறை நீர் வார்த்தோம். ஒவ்வொரு முறையும் குழந்தை திருப்புளியால் மண்ணைக் குத்திப் பார்த்து, எத்தனை அங்குலம் இறங்கிற்று என்று ஒரு நோட்டுப் புஸ்தகத்தில் எழுதினாள். முதல் நாள் இரண்டு; அடுத்த முறை ஐந்து; கடைசியில் எட்டு. கன்றைச் சுற்றி மரச் சிராயால் மூடாக்கும் போட்டோம். தண்டை ஒட்டிப் போடாமல் நாலு விரற்கடை இடம் விட வேண்டும் என்று கிழவர் இரண்டு முறை கலைத்துப் போடச் சொன்னார். வாசற்படி ஓரத்து லைலாக் செடிகளுக்கும், தெற்குச் சுவரை ஒட்டி வெயிலின் எதிரொளியில் வாடும் ஜூனிபர் புதர்களுக்கும் பங்கு கொடுத்தோம். சுவரோரத்துச் செடிகளுக்குத்தான் தாகம் அதிகமாம். சுவரின் சூடும் அவற்றைத் தாக்குகிறது.

புறப்படுவதற்கு முந்தின நாள் தங்கை நம் பக்கத்தில் வந்து நின்றாள். "அன்றைக்கு உன்னிடம் தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும் அம்மா" என்றோம். அவள், "நானும்தான் அண்ணா, பக்கத்து வீட்டில் கேட்டிருக்கலாம்" என்றாள். அதற்கு மேல் இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

ஊர் திரும்பிய பிறகு வகுப்பில் அந்தப் பாடம் வந்தபோது, முந்தின வருஷங்களில் நாம் சொன்னது பிசகு என்று சொல்லித் திருத்திக் கொடுத்தோம். "அப்படியானால் பரீட்சையில் எதை எழுதுவது, சார்?" என்று ஒரு பையன் எழுந்து கேட்டான். புஸ்தகத்தில் உள்ளதை எழுதிவிட்டு, பக்கத்தில் இதையும் எழுது என்றோம்.

இதை எழுதும் இப்போது பங்குனி பிறந்துவிட்டது. நேற்று இரவு தங்கையிடமிருந்து செய்தி வந்தது. சனிக்கிழமை நடுப்பகலில் உஷ்ணம் 52 டிகிரி. நாலு வாளியும் ஊற்றியாயிற்று. திருப்புளி ஒன்பது அங்குலம் இறங்கியது. லிண்டனில் மொட்டுகள் இன்னும் மூடியே இருக்கின்றன. மேப்பிளும் மே மாதத்தில் துளிர்த்ததல்லவா? ஆகையால் துளிரைக் கண்டதும் படம் அனுப்ப வேண்டாம், ஜூலை கழியட்டும் என்று பதில் எழுதியிருக்கிறோம்.